நீர் தேங்கும் இடங்கள்

மாரி மழை விட்ட மூன்றாம் நாள்
படிவக் கட்டும் ரோச் லைற்றும் நீண்ட கரண்டியுமாய்ப்
போனோம், றிஸ்மினாவும் நானும்.
சீனக்குடா தாண்டி, எண்ணெய்க் குதங்களின் பின்புறம்,
எருக்கலையும் நாயுருவியும் பிளந்து முளைத்த
பழைய ஓடுதளம்.
அதன் கடைசியில் மூன்று ஜெட்.

ஒன்றுக்கு மூக்கில்லை.
ஒன்று சில்லுக்குக் காற்றுப் போய்
கால் சுளுக்கிய மாடு மாதிரிச் சரிந்து நிற்கிறது.
மற்றதற்கு யாரோ போன வருஷம் பெயின்ற் அடித்திருக்கிறார்கள்,
துருவைச் சுரண்டாமல், துருவின் மேலேயே.

காவலாளியின் பெயர் ஹேமசிறி.
பிளாஸ்ரிக் கதிரை, பாதி இழைய விட்ட றேடியோ.
"நூதனசாலை வரும் என்று சொன்னார்கள், மிஸ்.
பெயர்ப் பலகை மட்டும் வந்தது.
அதையும் குரங்கு பிடுங்கிப் போட்டது."
பிழையில்லாத தமிழ். ஒவ்வொரு சொல்லையும்
தட்டிப் பார்த்துத்தான் வைக்கிறார்.

காற்றை இழுக்கிற வாய்க்குள் வெளிச்சம் அடித்தேன்.
சருகு. ஒரு யோகட் கோப்பை.
முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர்.
தண்ணீர் முழுக்கக் குடம்பி,
காற்புள்ளிகளாய், தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு.
என் கையின் நிழல் மேலே விழுந்ததுதான்,
எல்லாம் ஒன்றாய்த் துடித்து
அடிக்கு ஓடின.

அந்த ஓட்டம் எனக்குத் தெரியும்.

கட்டைபறிச்சானில் எங்கள் பங்கர் ஏழடி.
பனங்குற்றி, மேலே மண்மூட்டை.
சத்தம் கேட்டால் அம்மா என் பிடரியைப் பிடித்து
மண்ணோடு மண்ணாய் அமத்துவா.
அதனால் நான் இதைக் கண்டதேயில்லை.
தலைக்கு மேலே போய்வந்த ஒன்றின்
உருவம் தெரியாமலே வளர்ந்தேன்.
கீறச் சொல்லியிருந்தால் பல் வைத்துக் கீறியிருப்பேன்.

பல் இல்லை.
குனிந்து அடிவயிற்றுக்குக் கீழே போனேன்.
ஆணிகள், வரிசை வரிசையாய்,
பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தைத்த மாதிரி ஒழுங்கு.
ஒரு குளவிக் கூடு.
தொட்டேன். வெயிலில் கிடந்த தகரப் பேணி
எவ்வளவு சுடுமோ அவ்வளவுதான் சுட்டது.

"இதுவா?" என்று கேட்டேன்.
எதை என்று அவர் கேட்கவில்லை.
"இது பயிற்சி விமானம், மிஸ். இது ஒன்றும் செய்யவில்லை."
கொஞ்சம் பொறுத்து றேடியோவைக் குறைத்தார்.
"மற்றதைப் பற்றித் தெரியாது."
மூக்கில்லாததையா, சரிந்து நின்றதையா,
நானும் கேட்கவில்லை.

படிவம். குடம்பி எண்ணிக்கை: எண்ண இயலாது.
பாத்திரத்தின் வகை என்ற கட்டத்தில்
தாங்கி, ரயர், பூச்சாடி, சிரட்டை, ஏனையவை.
ஏனையவை.
உரிமையாளர் பெயர்?
படை ஒப்படைத்துவிட்டதாம்.
நூதனசாலை பொறுப்பெடுக்கவில்லையாம்.
பிரதேச சபைக்குக் காணி மட்டும்தானாம், காணிக்கு மேலே நிற்பது இல்லையாம்.
"அப்ப வழக்கு ஆர்மேல போடுறது?" என்ற றிஸ்மினா
சிவப்பு அறிவித்தலை
மூக்கு இருந்த இடத்தில் ஒட்டினாள்:
மூன்று நாட்களுக்குள் நீரை அகற்றுக.
பசை காயும் முன்பே ஒரு மூலை காற்றில் எழும்பியது.

மருந்துத் துகளை அளந்து போட்டேன்.
ஒரு கரண்டி போதும், சட்டப்படி.
இரண்டாவது கரண்டியை ஏன் போட்டேன்,
தெரியவில்லை.

புறப்படும்போது அவர் எழுந்து பின்னால் வந்தார்.
தன் தண்ணீர்ப் பீப்பாவுக்கும் கொஞ்சம் தரலாமா என்றார்.
"பகலில் பரவாயில்லை. இரவில்
காதுக்குப் பக்கத்தில் வருகிற அந்தச் சத்தம், மிஸ்,
அதைத்தான் தாங்க ஏலாது.
போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு
போகும் வரைக்கும் அசையாமல் கிடப்பேன்."

நானும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
றிஸ்மினா ஸ்கூட்டியை முறுக்கிவிட்டாள்.
பையிலிருந்து இரண்டு பொட்டலம் எடுத்து
அவர் கையில் வைத்தேன்,
கணக்கில் எழுதாமல்.